மறுப்பவருக்கு எழுதுவது: ஆங்கில வகுப்பில் வாதக் கட்டுரை



ஆங்கிலம் கற்பித்தல் தொடர்பாக எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று அழைப்பில் இடம் கொடுத்திருந்தீர்கள். ஷேக்ஸ்பியரைப் பற்றிப் பேசியிருக்கலாம். இந்திய ஆங்கில நாவலைப் பற்றிப் பேசியிருக்கலாம். நான் எடுத்துக்கொண்டது, பொது ஆங்கிலத் தாளின் கடைசிப் பக்கத்தில் வருகிற ஒரு கேள்வியை. ஒரு பொருளைக் கொடுத்து, அதை ஆதரித்தோ எதிர்த்தோ, படிப்பவர் இணங்கும்படி எழுதச் சொல்லும் கேள்வி. பெர்சுவேசிவ் எஸ்ஸே என்று வகுப்பில் சொல்கிறோம். இன்றைக்கு வாதக் கட்டுரை என்று குறிப்பிடுகிறேன்.

கேள்வி சின்னதுதான். ஆனால் வெளிநாட்டில் படிக்கப் போகிறவர் எழுதும் ஐஇஎல்டிஎஸ் தேர்வில் எழுத்துத் தாளின் இரண்டாம் பகுதி பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது. குறைந்தது 250 சொல், 40 நிமிடம் ஒதுக்கச் சொல்கிறார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் ஏபி ஆங்கில மொழித் தேர்வு எழுதுகிறவர்கள் மூன்று கட்டுரை எழுதுகிறார்கள். அவற்றில் ஒன்று முழுக்க வாதம். இதெல்லாம் தேர்வுக் கணக்கு. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, படிப்பு முடிந்து போகிற பிள்ளைகள் எழுதப்போகும் காகிதங்கள். வங்கி மேலாளருக்கு, நிறுவனத்தின் மனிதவளத் துறைக்கு, நகராட்சி ஆணையருக்கு, தீர்ப்பாயத்துக்கு. அங்கெல்லாம் எதிரில் இருப்பவர் முடியாது என்று சொல்லக்கூடியவர். அவரிடம் எழுத்தால் பேசிப் பழக நாம் கொடுக்கிற ஒரே பயிற்சி இந்தக் கட்டுரைதான். அதை நாம் சரியாகக் கொடுக்கவில்லை என்பது என் கருத்து.

ஒரு விடைத்தாளைப் பிரித்துப் பார்ப்போம். கல்லூரி வளாகத்தில் செல்போனைத் தடை செய்யலாமா என்பது தலைப்பு. ‘இன் டுடேஸ் மாடர்ன் வேர்ல்ட்’ என்று தொடங்கும். செல்போன் அறிவியலின் வரம் என்று ஒரு பத்தி. ஃபர்ஸ்ட்லி என்று ஒரு நன்மை, செகண்ட்லி என்று இன்னொரு நன்மை. பிறகு ‘எவ்ரி காயின் ஹாஸ் டூ சைட்ஸ்’ என்று திரும்பி ஒரு தீமை. நூற்றுக்குத் தொண்ணூறு இளைஞர்கள் செல்போனுக்கு அடிமை என்று எங்கிருந்தோ ஒரு புள்ளிவிவரம். டு கன்க்ளூட் என்று ஆரம்பித்து, அளவோடு பயன்படுத்தினால் நல்லது என்று முடியும். எழுத்துப்பிழை அதிகம் இராது. இலக்கணம் ஓரளவு தேறும். பத்துக்கு ஆறு போட்டுவிட்டு அடுத்த தாளை எடுப்போம். அதுவும் இப்படித்தான் இருக்கும்.

அளவோடு பயன்படுத்தலாம் என்ற முடிவை மறுக்கிறவர் உலகத்தில் யார்? யாரும் மறுக்காத ஒன்றைச் சொல்ல எதற்கு ஒரு கட்டுரை? அந்த மாணவருக்கும் இது தெரியும். செல்போன் தடையைப் பற்றி அவருக்குச் சூடான கருத்து இருக்கிறது. தேநீர்க் கடையில் அரை மணி நேரம் அதை வாதாடுவார். தாளில் மட்டும் அந்த மனிதர் இல்லை. ஆங்கிலம் போதாததால் இப்படி ஆகிறது என்று ஆசிரியர் அறையில் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. எதிரில் ஆளே இல்லாத இடத்தில் வாதாடச் சொல்கிறோம். ஆள் இல்லாவிட்டால் தமிழிலும் இதே கட்டுரைதான் வரும்.

இந்த வார்ப்பு எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் அபர்டீன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அலெக்சாண்டர் பெயின் 1866இல் ஆங்கிலக் கட்டுரை எழுதுவது பற்றி ஒரு பாடநூல் வெளியிட்டார். ஒரு பத்திக்கு ஒரே கருத்து, அது தொடக்கத்திலேயே தெரிய வேண்டும் என்பதை விதியாக எழுதிவைத்தது அந்த நூல். 1874இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரையைக் கட்டாயமாக்கியது. கட்டுக்கட்டாகத் தாள்கள் வந்தால் வேகமாகத் திருத்தியாக வேண்டும். வேகமாகத் திருத்த வேண்டுமானால் எல்லாத் தாளும் ஒரே வடிவத்தில் இருப்பது வசதி. முன்னுரை, மூன்று பத்தி, முடிவுரை என்ற ஐந்து பத்தி வடிவம் மெல்ல மெல்ல வகுப்பறைகளில் நிலைத்தது. நம் ஊர்த் துணைப்பாட நூல்களிலும் கையேடுகளிலும் இருப்பது அதன் பேரப்பிள்ளை.

இந்த வடிவத்தை ஆதரிப்பவர்கள் சொல்வதை அவர்கள் சொல்கிற பலத்தோடு இங்கே வைப்பது என் கடமை. வீட்டில் யாரும் ஆங்கிலம் பேசாத, முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு வெள்ளைத் தாள் பயமாக இருக்கிறது. ஐந்து பத்தி என்று சொல்லிக் கொடுத்தால் பிடித்துக்கொண்டு ஏற ஒரு கைப்பிடி கிடைக்கிறது. அறுபது எழுபது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவர் சிந்தனையையும் தனித்தனியாகக் கேட்டு வளர்க்க எந்த ஆசிரியருக்கு நேரம் இருக்கிறது? கான்வென்டில் படித்தவருக்கு வடிவம் இல்லாமலே எழுத வரும். வடிவத்தை எடுத்துவிட்டால் அடிபடுவது கிராமத்துப் பிள்ளைதான். இது கனமான வாதம். இதைச் சொல்கிறவர்கள் வகுப்பறையில் வியர்வை சிந்துகிறவர்கள். ஆகையால் ஐந்து பத்தியை எடுத்துவிடச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை. ஐந்தில் ஒரு பத்தியை மறுப்பவருக்குக் கொடுங்கள் என்று கேட்கிறேன். அதையும் முதலில் எழுத வேண்டும்.

இந்த யோசனை புதிதன்று. 1951 அக்டோபரில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு கருத்தரங்கில் உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் ஓர் உரை நிகழ்த்தினார். மனிதர்கள் ஒருவரையொருவர் கேட்காமல் போவதற்கு முதல் காரணம், கேட்டவுடனே தீர்ப்புச் சொல்லத் துடிப்பதுதான் என்றார். அதற்கு ஒரு பரிசோதனையும் சொன்னார். அடுத்த முறை நண்பரோடு சண்டை வந்தால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: எதிரில் இருப்பவர் சொன்னதை, அவரே ஆமாம் என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்குத் திருப்பிச் சொன்ன பிறகுதான் உங்கள் கருத்தைச் சொல்ல அனுமதி. செய்து பார்த்தால் எவ்வளவு கடினம் என்று தெரியும். 1970இல் ரிச்சர்டு யங், ஆல்டன் பெக்கர், கென்னத் பைக் என்னும் மூவர் இதைக் கட்டுரைப் பயிற்சியாக மாற்றித் தங்கள் பாடநூலில் சேர்த்தார்கள். ராஜர்ஸ் முறை வாதம் என்று அமெரிக்கக் கல்லூரிகளில் இன்றும் நடக்கிறது. அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே கிரேக்கப் பள்ளிகளில் இதன் முன்னோடி இருந்தது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த அஃப்தோனியஸ் தொகுத்த பயிற்சி நூலில், டாஃப்னி என்ற பெண் மரமாக மாறிய கதை நம்பத் தகாதது என்று ஒரு பயிற்சி இருக்கிறது. அடுத்த பயிற்சியில் அதே கதை நம்பத் தக்கது என்று வாதம் வருகிறது. ஒரே பிள்ளை இரண்டையும் எழுத வேண்டும்.

தமிழ்த் துறை நண்பர்கள் இங்கே புன்னகைப்பதைப் பார்க்கிறேன். நியாயம்தான். நூல் எழுதுகிறவர் கொள்ளத்தக்க மதங்கள், அதாவது கொள்கைகள், ஏழு என்று பவணந்தி நன்னூலில் வகுக்கும்போது, பிறர் கருத்தை உடன்படுவதும் அதில் ஒன்று, மறுப்பதும் ஒன்று, முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவதும் ஒன்று, இருவர் மாறுபடும் இடத்தில் ஒருபக்கம் துணிவதும் ஒன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர், தமக்கு முன் எழுதிய இளம்பூரணரை உரையாசிரியர் என்று சுட்டி, அவர் என்ன சொன்னார், ஏன் சொன்னார் என்று எடுத்து வைத்த பிறகே தம் மறுப்பைத் தொடங்குவார். அந்த உரையை வாசிக்கிறவருக்கு இரண்டு பேர் எதிரெதிரே அமர்ந்திருப்பது போலவே இருக்கும். மணிமேகலையில் காஞ்சி நகரத்தில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம் என்று சொல்லிக்கொண்டே போகிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை தெரிகிறதே என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். அதோடு நிறுத்தவில்லை, இவை ஒவ்வொன்றும் எப்படியெல்லாம் போலியாகிவிடும் என்றும் விரிவாகக் காட்டுகிறார். 1958இல் பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஸ்டீஃபன் டூல்மின் வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டிய நூலை எழுதினார்; அமெரிக்காவில் எழுத்துப் பயிற்சி ஆசிரியர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். கூற்று, அதற்கான சான்று, இரண்டையும் இணைக்கிற பொது நியதி, எந்த அளவுக்கு உறுதி என்ற வரையறை, எந்த நிலையில் பொருந்தாது என்ற விதிவிலக்கு. எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் மாணவருக்கு இது அந்நியச் சரக்கு அல்ல, மணிமேகலை வாசித்த பிள்ளைக்கு டூல்மின் புரியும், ஆங்கில ஆசிரியரும் தமிழ் ஆசிரியரும் ஒரு மணி நேரம் சேர்ந்து வகுப்பெடுத்தால் போதும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பட்டிமன்றம் இருக்கிறதே என்று கேட்கலாம். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு எதிரணி என்ற ஒன்று உண்டு என்கிற உணர்வு இருக்கிறது. அது பெரிய சொத்து. ஆனால் மேடையில் எதிரணிக் கருத்தை எடுத்துச் சொல்வது பெரும்பாலும் கைதட்டு வாங்குவதற்காக. கொஞ்சம் கோணலாக்கிச் சொன்னால் சிரிப்பு வரும். எழுத்தில் அது செல்லாது. கோணலாக்கப்பட்ட தன் கருத்தைப் படிக்கிற மனிதர் தாளை அந்த வரியிலேயே மூடிவிடுவார்.

மறுப்பவருக்கு எழுதுவது என்றால் என்ன என்று வகுப்பில் காட்ட எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாடம் ஒரு கடிதம். அதைச் சற்று நிதானமாகப் பார்க்க உங்கள் அனுமதி வேண்டும்.

1963 ஏப்ரல் 12, புனித வெள்ளி. அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில், இனப் பிரிவினையை எதிர்க்கும் ஊர்வலத்துக்கு நீதிமன்றம் விதித்த தடையை மீறி நடந்ததற்காக மார்ட்டின் லூதர் கிங் கைதாகிறார். அதே தேதியிட்டு அலபாமாவின் வெள்ளை மதகுருமார் எட்டுப் பேர் கூட்டாக ஓர் அறிக்கை விடுகிறார்கள். கிறிஸ்தவ ஆயர்கள் இருந்தார்கள், யூத ரபி ஒருவரும் இருந்தார். இனவெறி கக்கியவர்கள் அல்லர் இவர்கள். அந்த ஜனவரியில் ஆளுநராகப் பதவியேற்ற ஜார்ஜ் வாலஸ், இனப் பிரிவினை என்றைக்கும் நீடிக்கும் என்று முழங்கியபோது, நீதிமன்றத் தீர்ப்புகளை மதித்து நடக்கச் சொல்லி வேண்டியவர்கள் இவர்களில் பலர். மிதவாதிகள். ஏப்ரல் அறிக்கையில் அவர்கள் சொன்னது இதுதான்: இந்தப் போராட்டத்துக்கு இது நேரமில்லை, வெளியூர்க்காரர்கள் வந்து தூண்டுகிறார்கள், குறைகளை நீதிமன்றத்திலும் பேச்சுவார்த்தையிலும் தீர்த்துக்கொள்ளலாம், காவல்துறை நிதானமாக நடந்துகொண்டது பாராட்டுக்குரியது.

சிறைக்குள் வந்த செய்தித்தாளின் ஓரங்களில் கிங் பதில் எழுதத் தொடங்கினார். கிடைத்த துண்டுக் காகிதங்களில் தொடர்ந்தார். பிறகு வழக்கறிஞர்கள் கொண்டுவந்து கொடுத்த தாளில் முடித்தார். ஏறத்தாழ 7,000 சொற்கள். ஏப்ரல் 16 என்று தேதியிட்டது.

தொடக்கத்தைப் பாருங்கள். சக மதகுருமாரே என்று விளிக்கிறார். எல்லா விமர்சனத்துக்கும் பதில் எழுத உட்கார்ந்தால் வேறு வேலையே நடக்காது, ஆனால் நீங்கள் நல்லெண்ணம் உள்ளவர்கள், மனதாரச் சொல்கிறீர்கள், ஆகவே பொறுமையாகப் பதில் சொல்ல விரும்புகிறேன் என்கிறார். சிறையில் அடைபட்டிருக்கும் மனிதர், தம்மைச் சிறைக்கு அனுப்பிய ஒழுங்கை ஆதரிக்கிறவர்களிடம் இப்படிப் பேசுகிறார். இது வெறும் பணிவன்று. இந்த எட்டுப் பேரும் கடைசிவரை படிக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்திருக்கிறார்.

வெளியூர்க்காரர் என்ற குற்றச்சாட்டுக்கு அவர் மூன்று அடுக்கில் பதில் சொல்கிறார். முதலாவது வெறும் நிர்வாகத் தகவல்: நான் தலைமை வகிக்கும் அமைப்புக்கு இங்கே கிளை அமைப்பு இருக்கிறது, அவர்கள் கூப்பிட்டார்கள், வந்தேன். இரண்டாவது வேதம்: தீர்க்கதரிசிகளும் பவுல் அப்போஸ்தலரும் சொந்த ஊரிலேயே இருந்துவிடவில்லை. மூன்றாவதுதான் தத்துவம்: ஓரிடத்து அநீதி எல்லா இடத்தையும் தொடும் என்பது. மூன்றாவதை ஏற்காத ஆயருக்கும் முதல் பதில் மிச்சமிருக்கிறது. நம் மாணவர் மூன்றாவதிலிருந்து தொடங்குவார். பெரிய வாக்கியத்தை முன்னால் வைப்பார். எதிரில் இருப்பவர் எளிதில் மறுக்க முடியாததை முதலில் வைக்க வேண்டும் என்பதை இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு விரல் வைத்துக் காட்டலாம்.

நேரமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு முதலில் தேதிகளால் பதில் வருகிறது. மேயர் தேர்தல் வந்ததால் போராட்டத்தைத் தள்ளிப்போட்டோம், மறுசுற்றுத் தேர்தல் வந்தது, மறுபடியும் தள்ளிப்போட்டோம் என்கிறார். பிறகு ஒரே வாக்கியம், முந்நூறு சொல்லுக்கு மேல் நீள்கிறது. பிரிவினையை அனுபவிக்காதவர்களுக்குக் காத்திரு என்று சொல்வது எளிது என்று முந்தைய வாக்கியத்தில் சொல்லிவிட்டு, இதில் கறுப்பினத்தவர் வாழ்க்கையிலிருந்து காட்சிகளை அடுக்கிக்கொண்டே போகிறார். அதில் ஒன்று அவருடைய ஆறு வயது மகள். தொலைக்காட்சியில் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு விளம்பரம் வருகிறது; ஏன் என்னை அங்கே கூட்டிப்போகக் கூடாது என்று கேட்கிறாள்; கறுப்பினக் குழந்தைகளுக்கு அங்கே இடமில்லை என்று அவளிடம் சொல்ல நாக்கு எழாமல் நிற்கிற தகப்பன். படிக்கிறவர் அந்த வாக்கியம் எப்போது முடியும் என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருப்பதன் பாரத்தை வாக்கியத்தின் நீளமே ஏற்றிவிடுகிறது. நீண்ட வாக்கியம் பிழை என்று நாம் சிவப்பு மையால் வட்டமிடுவோமே, அந்தப் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும்.

ஆனால் என் பேச்சுக்கு உயிரான இடம் அடுத்தது. சட்டத்தை மீறுகிறீர்களே என்பது எட்டுப் பேரின் கவலை. கிங் அதை நியாயமான கவலை என்று ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொள்வதோடு, அவர்கள் சொல்லாமல் விட்டதையும் தானே சொல்கிறார். பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்ற 1954ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மதியுங்கள் என்று எல்லோரிடமும் கேட்கிறவர்கள் நாங்கள்; நாங்களே வேறு சட்டத்தை மீறினால் முரணாகத் தெரியாதா என்று கேட்கிறார். எதிர்த்தரப்பின் கையில் இருந்ததைவிடக் கூரான ஆயுதத்தை எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, அதன் பிறகு பதில் சொல்கிறார். நீதியான சட்டம், அநீதியான சட்டம் என்று பிரிக்கும்போது அவர் அழைக்கும் சாட்சிகளைக் கவனியுங்கள்: புனித அகஸ்டின், தாமஸ் அக்வினாஸ், யூதத் தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர், புராட்டஸ்டண்ட் இறையியலாளர் பால் டில்லிக். கத்தோலிக்கரும் யூதரும் புராட்டஸ்டண்டினரும் கையெழுத்திட்ட அறிக்கைக்குப் பதில் எழுதுகிறார். ஒவ்வொருவருக்கும் அவரவர் மதிக்கும் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். மேற்கோள் எதற்காக என்று வகுப்பில் கேட்டால் அழகுக்காக, மதிப்பெண்ணுக்காக என்று பதில் வரும். கேட்கிறவர் யாருடைய சொல்லை மதிப்பாரோ அவருடைய சொல்லைத் தேடுவது என்ற பாடத்துக்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அந்த எட்டுப் பேர் கடிதத்தைப் படித்தவுடன் மனம் மாறிவிடவில்லை. ஆனால் அது அதே ஆண்டில் இதழ்களில் வெளியாகி, 1964இல் கிங்கின் நூலிலும் சேர்ந்து, இன்றுவரை வாசிக்கப்படுகிறது. உலகத்துக்கு எழுதுகிறேன் என்று உட்கார்ந்திருந்தால் அவர் இப்படி எழுதியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். எட்டுப் பேரின் முகத்தை நினைத்துக்கொண்டு எழுதியதால்தான் ஒவ்வொரு வரியிலும் பிடிமானம் இருக்கிறது.

கிங் பெரிய மனிதர், பெரிய காரியம். நம் பிள்ளைகளுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். ஓர் அரசு கலைக் கல்லூரியில் நான் அருகிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டாமாண்டு வணிகவியல் மாணவி. நூலகம் இரவு எட்டு மணிவரை திறந்திருக்க வேண்டும் என்று கட்டுரை எழுதியிருந்தார். நூலகம் அறிவுக் கோயில் என்று தொடங்கியது. கையேட்டிலிருந்து வந்த வரிகள். ஒரு பிழை இல்லை. அவருடைய ஆசிரியை அதைத் திருத்தாமல் திருப்பிக் கொடுத்து, நூலகரிடம் போய், ஏன் முடியாது என்று கேட்டு, அவர் பக்கத்தை அரைப் பக்கம் எழுதி, அவரிடமே படித்துக் காட்டிவிட்டு வா என்று அனுப்பினார்.

மாணவி எழுதிக்கொண்டு போனது: உதவியாளர் பணியிடம் காலி, ஐந்து மணிக்கு மேல் காவலர் ஒருவர்தான், பெண் பிள்ளைகளுக்குக் கடைசிப் பேருந்து போய்விடும். நூலகர் கேட்டுவிட்டு, “எல்லாம் சரிதாம்மா. முக்கியமானதை விட்டுட்டியே. ஆள் இல்லாத நேரத்துல ஒரு புத்தகம் காணாமப் போனா, நான் ரிடையர் ஆகும்போது என் கணக்குல பிடிப்பாங்க” என்றார். மாணவி, “அதை எழுதலாமா சார்?” என்று கேட்டார். “எழுதும்மா. அதுதான் உண்மை” என்றார் அவர்.

இரண்டாவது கட்டுரை வேறாக வந்தது. இரவு எட்டு மணிக் கோரிக்கை போய்விட்டது. கிராமப் பேருந்துகள் காலை எட்டு மணிக்கே பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கிவிடுகின்றன. ஒன்பதரை வரை அவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்துக்குப் படிப்பறையை மட்டும் திறங்கள், புத்தக அடுக்குகள் பூட்டியே இருக்கட்டும், நாளிதழும் அகராதியும் போதும் என்று கேட்டிருந்தார். மரத்தடியில் எத்தனை பேர் உட்கார்கிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணி, நாள்வாரியாக எழுதியிருந்தார். ‘நூற்றுக்குத் தொண்ணூறு’ எங்கேயும் இல்லை. ‘ஆல் ஸ்டூடண்ட்ஸ்’ இருந்த இடத்தில் ‘காலைப் பேருந்தில் வருகிறவர்கள்’ என்று வந்திருந்தது. டூல்மின் சொன்ன வரையறை இதுதான்; அந்தப் பெண் டூல்மினைக் கேள்விப்பட்டதில்லை.

ஆங்கிலத்தில் பிழைகள் இருந்தன. காலம் இரண்டு இடத்தில் தடுமாறியது, முன்னிடைச் சொற்கள் சில தவறு. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ‘ஈவன் இஃப்’, ‘அன்லெஸ்’, ‘ப்ரொவைடட் தட்’ என்ற இணைப்புகளைக் கோடிட்ட இடத்தை நிரப்புக என்று ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொடுக்கிறோம். பிள்ளைகள் நிரப்புவார்கள், சொந்தமாக ஒரு வாக்கியத்தில் எடுத்து ஆள மாட்டார்கள். நூலகருடைய பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவந்ததும் அந்தப் பெண்ணுக்கு மூன்றும் தேவைப்பட்டன. அடுக்குகள் பூட்டியிருந்தால் ஒழிய வேண்டாம், ஒருவர் பொறுப்பேற்பதாக இருந்தால் திறங்கள் என்று எழுதத் தேவைப்பட்டன. நிபந்தனை வாக்கியம் விட்டுக்கொடுக்கும் இடத்தில்தான் பிறக்கிறது. யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாத கட்டுரையில் அதற்கு வேலை இல்லை. மொழித்திறன், கருத்துத்திறன் என்று நாம் இரண்டாகப் பிரித்து மதிப்பெண் போடுகிறோம். இந்தத் தாளில் இரண்டும் ஒன்றாக வளர்ந்திருந்தன.

படிப்பறை திறந்ததா என்றால், அந்தப் பருவம் முடியும்வரை திறக்கவில்லை. ஆனால் முதல்வர் அந்தக் கட்டுரையின் ஓரத்தில், சாவி யாரிடம் இருக்கும், விடுமுறை நாளில் என்ன செய்வது என்று இரண்டு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். ஒரு கட்டுரைக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த மதிப்பீடு இது என்று நான் கருதுகிறேன். மாணவி மூன்றாவது வரைவு எழுத உட்கார்ந்ததை நான் பார்த்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை.

இந்தப் பயிற்சியில் நூலகரோடு நடந்த பேச்சு தமிழில் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதில் எந்தத் தாழ்வும் இல்லை. ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் மட்டும் என்ற கட்டுப்பாட்டை இந்தப் பாடத்துக்காவது தளர்த்துங்கள் என்று ஆங்கிலத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். சண்டையும் சமாதானமும் தாய்மொழியில் நடக்கட்டும். என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொண்டு வருகிற பிள்ளைக்கு ஆங்கிலச் சொல் தேடிக் கொடுப்பது ஆசிரியருக்கு எளிது. சொல்ல ஒன்றும் இல்லாதவருக்குச் சொல் கொடுத்தால் அது அறிவுக் கோயிலாகத்தான் வந்து நிற்கும்.

இன்று சாட்ஜிபிடி போன்ற கருவிகள் ஐந்து பத்தியை அரை நிமிடத்தில் எழுதித் தருகின்றன, இனி இந்தப் பயிற்சி எதற்கு என்ற கேள்வி மாணவர் வரிசையில் இருப்பதை உணர்கிறேன். அறிவுக் கோயில் வகைக் கட்டுரையை அந்தக் கருவி நம்மைவிட நன்றாகவே எழுதும். வேப்பமரத்தடியில் எத்தனை பேர் என்று அதற்குத் தெரியாது. நூலகர் தன் ஓய்வூதியத்தை நினைத்துப் பயப்படுகிறார் என்பதை அவரிடம் போய் நின்ற பெண்தான் தெரிந்துகொண்டு வந்தார். அந்த நடையை யாரும் அவருக்காக நடந்திருக்க முடியாது.

நேரம் இல்லை என்ற பதில் வரும். எழுபது பேரையும் ஆளுக்கொரு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை. வகுப்பிலேயே இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் பக்கத்தை இன்னொருவர் எழுதட்டும். எழுதியதை எதிரில் இருப்பவர் படித்து, ‘ஆம், என் கருத்து இதுதான்’ என்று கையெழுத்துப் போட்ட பிறகு சொந்தக் கட்டுரையைத் தொடங்கட்டும். இதற்கு ஒரு பாடவேளை போதும். ஆசிரியர் திருத்த வேண்டிய சுமையில் பாதியை அந்தக் கையெழுத்து தாங்கிக்கொள்ளும்.

கடைசியாக, இந்த அவையில் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களும் வினாத்தாள் அமைப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு கோரிக்கை. வகுப்பில் எவ்வளவு மாற்றினாலும், தேர்வில் ‘செல்போன் வரமா சாபமா’ என்று கேட்டால் பிள்ளைகள் கையேட்டுக்குத்தான் திரும்புவார்கள். வினாவில் ஒரு மனிதரை வையுங்கள். எடுத்துக்காட்டுக்கு: உங்கள் ஊராட்சித் தலைவர் வாரச் சந்தையை ஊருக்கு வெளியே மாற்றத் தீர்மானித்திருக்கிறார். நெரிசலும் குப்பையும் காரணம் என்கிறார். உங்களுக்கு அதில் உடன்பாடில்லை. முதல் பத்தியில் அவருடைய காரணங்களை அவரே ஏற்கும்படி எழுதுங்கள் (5 மதிப்பெண்). அடுத்து, அவருக்கு உங்கள் வாதத்தை எழுதுங்கள் (10 மதிப்பெண்). வரும் பருவத் தாளிலேயே இப்படி ஒரு வினா இடம்பெறலாம். அதற்குப் புதிய பாடநூல் வேண்டாம், புதிய நிதி வேண்டாம். முதல் பத்திக்கான அந்த 5 மதிப்பெண்ணை எக்காரணம் கொண்டும் குறைத்துவிடாதீர்கள்.